ஹசியெண்டா: கூட்டம் நிரம்பியும் கல்லா ஏன் நிரம்பவில்லை?

கருந்தட்டு:
மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப்பைப் பற்றி எழுதுகிற எல்லாரும் போதை மாத்திரையும் நடன இசையும் அலையடித்த 1988 கோடையில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கிளப் நடந்ததோ 1982 மே 21 முதல் 1997 ஜூன் 28 வரை. முதல் நாலு வருஷம் பெரும்பாலும் ஈ ஓட்டினார்கள். நடுவில் மூன்று, நாலு வருஷம் உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு வாசல் யார் கையில் என்கிற தகராறு. மூன்று கட்டத்திலும் மாறாத ஒன்று, பணம் வெளியே போய்க்கொண்டே இருந்தது. கட்டடம், ஒலி, உரிமம், பார் என்று பிரித்துப் பேசலாமா? போதை மாத்திரைக்குப் புகழ் பாடும் பதிவுகள் வேண்டாம், அது வேறு இடத்தில் நிறையக் கிடைக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு: இடம் விட்வொர்த் தெரு மேற்கு, பின்புறம் ராச்டேல் கால்வாய். முன்பு படகு விற்பனைக் காட்சிக்கூடமாக இருந்த கட்டடம். பணம் போட்டவர்கள் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்கிற இசைத்தட்டு நிறுவனமும் அதன் முதன்மைக் குழுவான நியூ ஆர்டரும். முன்னால் நின்றவர்கள் ஃபேக்டரியை நிறுவிய டோனி வில்சன், ஆலன் எராஸ்மஸ், நியூ ஆர்டரின் மேலாளர் ராப் கிரெட்டன். ஃபேக்டரி தான் வெளியிட்ட எல்லாவற்றுக்கும் வரிசை எண் கொடுக்கும். இசைத்தட்டு, சுவரொட்டி எதுவாக இருந்தாலும். கிளப்புக்குக் கிடைத்த எண் 51.

செங்கல்சுவர்:
கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நியூ ஆர்டர் அமெரிக்கா போனபோது கிரெட்டனும் குழுவினரும் நியூயார்க்கில் டான்ஸ்டீரியா, ஃபன் ஹவுஸ், பாரடைஸ் கராஜ் மாதிரி நடனக் கிளப்களைப் பார்த்தார்கள். அப்படி ஒன்று நம் ஊருக்கும் வேண்டும் என்ற ஆசை அங்கே பிடித்தது. உள் வடிவமைப்புக்கு ஃபேக்டரியின் வரைகலை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் கைகாட்டிய ஆள் பென் கெல்லி.

கெல்லிக்கு வந்த முதல் தலைவலி, கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் ஆடுதளத்தின் நடுவிலேயே நின்றன. அகற்ற முடியாது. இருட்டில் ஆடுகிறவன் முட்டிக்கொள்வான். தொழிற்சாலைகளில் அபாய இடத்தைக் காட்ட அடிக்கும் மஞ்சள், கறுப்புச் சாய்வுப் பட்டைகளைத் தூண்களில் அடித்தார். தளத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று காட்ட, சாலையில் பதிக்கும் பிரதிபலிப்புக் குமிழ்களையும் தெருவோரக் குட்டைத் தூண்களையும் கொண்டுவந்து வைத்தார். இன்று டி-சட்டையிலும் கோப்பையிலும் அச்சாகும் அந்தப் பட்டை, அடிப்படையில் "தலையைப் பார்த்துக்கொள்" என்கிற எச்சரிக்கைதான்.

குறையும் அங்கேயே இருக்கிறது. இதை நேரடிக் கச்சேரி அரங்கு, நடனக்கூடம், உணவகம், பார் எல்லாம் சேர்ந்த ஒன்றாகத் திட்டமிட்டார்கள். ஆடுதளத்தை முக்கியமாக நினைத்திருந்தால் டிஜேயை எங்கே உட்கார வைப்பது என்பது முதல் கேள்வியாக இருந்திருக்கும். மேடையை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். டிஜேக்கு மேடைக்குப் பக்கத்தில் ஒரு பொந்து, வெளியே பார்க்கக் குறுகலான ஒரு திறப்பு. முதல் நிரந்தர டிஜே ஹியூவன் கிளார்க் தளத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதையே சரியாகப் பார்க்க முடியாத இடத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் டிஜே மேடையை மாடி விளிம்புக்கு ஏற்றினார்கள்.

ஒலியளவு:
திறப்பு விழாவிலேயே ஒலி சொதப்பல். நகைச்சுவையாளர் பெர்னார்ட் மேனிங்கைத் தொகுப்பாளராக அழைத்திருந்தார்கள்; பேசியது பாதிப் பேருக்குப் புரியவில்லை. சம்பளத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் மனிதர். பலரும் "மட்டமான ஸ்பீக்கர்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஸ்பீக்கரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

உயரமான கூரை, அதில் கண்ணாடி, செங்கல் சுவர், இரும்பு. எதுவும் ஒலியை விழுங்காது. எதிரொலி அடங்கும் நேரத்துக்கு சபீன் சூத்திரம் இருக்கிறது: 0.161 பெருக்கல் கன அளவு, வகுத்தல் மொத்த உறிஞ்சும் பரப்பு. ஹசியெண்டாவின் துல்லிய அளவு இதற்குத் தேவையில்லை. இதே சாயலில் 6,000 கன மீட்டர் கூடம், காலியாக இருக்கும்போது 300 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு என்று வைத்துப் போடுங்கள். 966 வகுத்தல் 300, அதாவது 3.2 விநாடி. நிமிடத்துக்கு 125 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.48 விநாடி. ஒரு டிரம் அடி அடங்குவதற்குள் இன்னும் ஆறு அடி வந்து மேலே விழுந்துவிடும். கேட்பவனுக்குத் தாளம் கிடைக்காது, கூழ்தான் கிடைக்கும்.

இப்போது அதே கூடத்தில் 1,200 பேரை நிறுத்துங்கள். நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆள் நடு அலைவரிசையில் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை விழுங்குவார். 540 கூடி 840 ஆகிறது. எதிரொலி 1.15 விநாடிக்கு இறங்கிவிடும். அரங்கின் சிறந்த ஒலித்தடுப்பான் கூட்டம்தான். ஆள் வராததால் ஒலி மோசம், ஒலி மோசமானதால் ஆள் வரவில்லை. முதல் வருஷங்களின் நச்சு வட்டம் இது.

ஒரு எச்சரிக்கை: பேஸ் பகுதியில், அதாவது தாழ்ந்த அலைவரிசையில், மனித உடல் இதில் பாதியளவுகூட விழுங்காது. அதனால் கூட்டம் நிரம்பிய பிறகும் பேஸ் உறுமிக்கொண்டே இருக்கும். இதைச் சரிசெய்ய பேஸ் பெட்டிகளை நாலு மூலையிலும் சிதறவிடாமல் ஒரே இடத்தில் குவிக்க வேண்டும், சுவரில் ஆழமான உறிஞ்சிகள் வைக்க வேண்டும். மெல்லிய பஞ்சும் திரைச்சீலையும் மேல் அலைவரிசையை மட்டும் தின்றுவிட்டு உறுமலை அப்படியே விட்டுவிடும். பழைய கிடங்குகளை மண்டபமாக மாற்றுகிறவர்கள் இன்றும் செய்கிற தப்பு இது.

பொடியன்77:
குறுக்கே ஒரு கேள்வி. மடோனா அங்கே பாடினார் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

கருந்தட்டு:
உண்மை. 1984 ஜனவரி 27, சேனல் 4-இன் இசை நிகழ்ச்சி ஒன்றை அங்கிருந்து ஒளிபரப்பினார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அவருடைய தொடக்ககாலத் தோற்றங்களில் ஒன்று. அன்றைக்கு வந்திருந்தவர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது.

அதைவிட முக்கியமான மாற்றம் அதே 1984-இன் பிற்பகுதியில் நடந்தது. டிஜே மைக் பிக்கரிங் வெள்ளிக்கிழமைகளில் 'நியூட்' என்கிற இரவைத் தொடங்கினார். பேண்டு கிடையாது, இசைத்தட்டு மட்டும். எலக்ட்ரோ, சோல், ஹிப்ஹாப், பிறகு சிகாகோவிலிருந்து வந்த, இயந்திரத் தாளத்தில் ஓடும் ஹவுஸ் நடன இசை. ஆரம்பத்தில் ஆட வந்தவர்களில் கறுப்பின இளைஞர்கள் கணிசம். ஹவுஸை முதலில் தூக்கிப் பிடித்ததும் அவர்கள்தான். மாத்திரை வந்த பிறகுதான் ஹவுஸ் வந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த நாலு வருஷத்தை விழுங்கிவிடுகிறார்கள். 1987 மார்ச்சிலேயே சிகாகோ ஹவுஸ் கலைஞர்களின் சுற்றுப்பயணம் இங்கே வந்துபோயிருக்கிறது.

நிர்வாகம் மாறியதும் ஒரு காரணம். 1986-இல் நாட்டிங்ஹாமின் ராக் சிட்டி அரங்கிலிருந்து பால் மேசன் மேலாளராக வந்தார். ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார்கள். வியாழன் டேவ் ஹாஸ்லமின் 'டெம்பரன்ஸ் கிளப்', மாணவர் கூட்டம். வெள்ளி 'நியூட்'. 1988 ஜூலையில் புதன்கிழமை 'ஹாட்', ஜான் டாசில்வாவும் பிக்கரிங்கும், ஆடுதளத்தோரம் ஒரு குட்டி நீச்சல் தொட்டியோடு. அதே கோடையில் பிக்கரிங் விடுப்பில் போனபோது ஈடுகட்ட வந்த கிரேம் பார்க் நிரந்தரமாகத் தங்கிவிட்டார்.

ஒலியளவு:
ஹவுஸ் வந்ததும் டிஜே வேலையே மாறியது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேசையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு ப்ளஸ் மைனஸ் 8 சதவீதம். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டை 110.4-இலிருந்து 129.6 வரை இழுக்கலாம். ஹவுஸ் பாட்டுகள் பெரும்பாலும் 118-க்கும் 125-க்கும் நடுவில், இயந்திரத் தாளம் வேறு, ஆடாமல் அசையாமல் ஓடும். இரண்டு இசைத்தட்டைப் பல நிமிடம் ஒன்றாக ஓட்ட முடிந்தது இதனால்தான். டிரம்மரை வைத்துப் பதிவு செய்த பழைய பாட்டுகளில் வேகம் உள்ளுக்குள்ளேயே நெளியும், விரலை எடுக்க முடியாது.

டிஜே மேடையை மாடிக்கு ஏற்றியதில் ஒரு புதுச் சிக்கலும் உண்டு. ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும். தளத்து ஸ்பீக்கர் 20 மீட்டர் தள்ளியிருந்தால் 58 மில்லிவிநாடி தாமதமாக டிஜே காதுக்கு வரும். 122 தட்டுப் பாட்டில் ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 123 மில்லிவிநாடி. கிட்டத்தட்ட அதில் பாதி தாமதம்! ஹெட்ஃபோனில் கேட்கும் தாளத்தையும் தளத்திலிருந்து வரும் தாளத்தையும் இணைத்தால் டிஜேக்குச் சரியாகவும் ஆடுகிறவர்களுக்குத் தப்பாகவும் கேட்கும். அதனால் டிஜே பக்கத்தில், காதிலிருந்து ஒரு மீட்டருக்குள் தனி மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும். அதை மட்டும் வைத்துத்தான் இணைக்க வேண்டும்.

இன்னொன்று: மாடித் தளம் பேஸுக்கு அதிரும். ஊசி அந்த அதிர்வைப் பாட்டோடு சேர்த்து எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும், ஸ்பீக்கர் இன்னும் அதிரவைக்கும், ஹூ என்று ஊளை. மருந்து: கனமான கான்கிரீட் பலகை, அதற்குக் கீழே மென்மையான ரப்பர் அல்லது நுரை, பலகை மேல் சுழல்மேசை. கனம் கூடி, கீழே மென்மை கூடினால் இந்த அமைப்பின் சொந்த அதிர்வெண் பாட்டின் பேஸுக்கு வெகு கீழே இறங்கிவிடும். ரப்பரை மட்டும் வைத்துக் கனத்தை விட்டால் எண்ணம் நிறைவேறாது.

கணக்கர்:
எல்லாம் சரி, பணத்துக்கு வருவோம்.

கிளப் தொழிலில் நுழைவுக் கட்டணம் டிஜே, காவலர், மின்சாரம், விளம்பரம் என்று கரைந்துவிடும். லாபம் பாரில். அதுவும் பீரில் பாதிக்கு மேல் மிஞ்சும். ஹசியெண்டாவை அலங்கரிக்கவே பெருஞ்செலவு ஆகிவிட்டது. அந்தச் சுமை தலையில் இருக்க, 1982-இல் வாரத்தின் எல்லா இரவும் திறந்து வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை நாற்பது பேருக்காக அந்தக் கூடத்தை சூடாக்க வேண்டும், பார் ஆள் வேண்டும், காவலர் வேண்டும். யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. தீனி வந்தது நியூ ஆர்டர் இசைத்தட்டு வருமானத்திலிருந்து.

சரி, 1988-இல் வாசலில் வரிசை தெருமுனை வரை. அப்போதாவது? அப்போது வந்த கூட்டம் எக்ஸ்டசி என்கிற போதை மாத்திரை எடுத்த கூட்டம். அவர்கள் பீர் குடிப்பதில்லை, தண்ணீர் கேட்பார்கள். மாத்திரைக் காசு கிளப்புக்கு வராது, தரகனுக்குப் போகும். கிளப்புக்கு மிஞ்சியது வியர்வை, காவலர் செலவு, போலீஸ் தொல்லை. கூட்டம் இரண்டு மடங்கானால் வரவு இரண்டு மடங்காகும் என்ற வழக்கமான கணக்கு இங்கே படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஃபேக்டரி கையை விரித்தது. 1989 ஜூலையில் ஓல்டம் தெருவில் ட்ரை என்கிற பார், வரிசை எண் 201. 1990-இல் சார்லஸ் தெருவில் புதுத் தலைமையகம். 1989 அக்டோபரில் பிரிட்டனின் அடிப்படை வட்டி 15 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். கட்டட விலையும் சரிந்தது. 1992 நவம்பரில் ஃபேக்டரி திவால். லண்டன் ரெக்கார்ட்ஸ் வாங்க வந்தபோதுதான் தெரிந்தது, குழுக்களின் பதிவுகள் குழுக்களுக்கே சொந்தம், நிறுவனத்திடம் விற்க எதுவும் இல்லை. கிளப் தனிக் கம்பெனி என்பதால் அந்தத் திவாலில் மூழ்காமல் இன்னும் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தது.

இரண்டுமணி:
கணக்கர் சார், ஒன்றை விட்டுவிட்டீர்கள்: நேரம். 1964 உரிமச் சட்டப்படி லண்டனுக்கு வெளியே ஒரு நடனக் கிளப்பில் இரவு 2 மணிக்கு மேல் மது ஊற்ற முடியாது. ஊற்றியதைக் குடித்து முடிக்க அரைமணி. லண்டன் வெஸ்ட் எண்டில் 3 மணி. அந்தச் சிறப்பு நேரச் சான்றிதழுக்கு இசை, நடனம் இரண்டும் வேண்டும், கூடவே வயிறு நிறையும் உணவும் கிடைக்க வேண்டும். மது துணைப் பொருளாக மட்டுமே இருக்கலாம் என்பது சட்டத்தின் பேச்சு. அந்தக் கால ஆங்கிலேய கிளப்களில் யாரும் தொடாத சிப்ஸ் கவுண்டர் ஒன்று கட்டாயம் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆக, கூட்டம் 10 மணிக்கு மேல்தான் சேரும் என்றால் பார் ஓடுவது நாலு மணி நேரம். 2 மணிக்கு விளக்கு போட்டால் ஆடுகிறவன் வீட்டுக்குப் போகும் நிலையில் இல்லை. 1989, 90-இல் பக்கத்து பிளாக்பர்னின் காலிக் கிடங்குகளில் நடந்த அனுமதியற்ற விருந்துகளுக்குக் கூட்டம் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அரசு 1990-இல் உரிமமற்ற கேளிக்கைக்கு அபராதத்தை 20,000 பவுண்டு, ஆறு மாதச் சிறை வரை உயர்த்தியதும் இதற்காகத்தான்.

உரிமம் ஒன்று இல்லை, இரண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மது உரிமம் மாஜிஸ்திரேட்டுகள் கையில். இசை, நடன உரிமம் மாநகராட்சி கையில். போலீஸ் இரண்டிலும் ஆட்சேபம் சொல்லலாம். 1989 ஜூலையில் கிளப்பில் மாத்திரை எடுத்த 16 வயதுப் பெண் இறந்தார். 1990-இல் போலீஸ் மது உரிமத்தை ரத்து செய்யக் கேட்டது. கிளப் பெயர்பெற்ற வழக்கறிஞர் ஜார்ஜ் கார்மனை அமர்த்தியது, மாநகராட்சியும் கிளப் பக்கம் நின்றது. முதலில் அவகாசம், பிறகு 1991 ஜனவரியில் உரிமம் தப்பியது. தப்பித்த அதே மாதம் 30-ஆம் தேதி கிளப்பே தானாக மூடிக்கொண்டது!

பொடியன்77:
ஜெயித்த பிறகு ஏன் மூடினார்கள்?

வாயிலோன்:
காவலர்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டினார்கள். சீத்தம் ஹில், மாஸ் சைட், சால்ஃபோர்டு என்று சுற்றுவட்டாரப் பகுதிகளின் குற்றக் கும்பல்கள் வாசலுக்கு மோதியதன் உச்சம் அது.

வாசலுக்கு ஏன் இவ்வளவு மோதல் என்றால், யாரை உள்ளே விடுவது என்பது யாருடைய மாத்திரை உள்ளே விற்கும் என்பதையும் முடிவு செய்கிறது. காவலர் ஒப்பந்தம் எந்தக் கும்பலுக்கு நெருக்கமோ சந்தை அதற்கு. காவலர் நேர்மையாக இருந்தால் மிரட்டல், வளைந்தால் போலீஸ். கிளப்புக்கு இரண்டு பக்கமும் அடி. 1991 மே மாதம் திறந்தபோது நுழைவாயிலில் உலோகச் சோதனைக் கருவி வைத்தார்கள். ஆயுதம் குறையும், வரிசை நகராது. வரிசை தெருவில் நீண்டால் சண்டை தெருவில். 1997-இல் கதை முடிந்ததும் தெருவில்தான்: நிலைமையைப் பார்க்க வந்த மாஜிஸ்திரேட்டுகள் கண்முன்னே ஓர் இளைஞன் உயிர்போகும் அளவுக்குத் தாக்கப்பட்டான். ஜூன் மாதத்தோடு உரிமம் போயிற்று.

இந்த இருட்டில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 1991 அக்டோபரில் தொடங்கிய 'ஃப்ளெஷ்', மாதம் ஒரு புதன்கிழமை, தன்பாலினத்தவருக்கான இரவு. நாட்டின் பல ஊர்களிலிருந்தும் பேருந்து பிடித்து வந்தார்கள். கும்பல்கள் அந்த இரவைத் தீண்டவில்லை, பாரும் ஓடியது.

ஒலியளவு:
கூட்டம் ஒலிக்கு நல்லது என்று மேலே எழுதினேன், காற்றுக்கு எமன். தீவிரமாக ஆடும் ஒருவர் சுமார் 350 வாட் வெப்பம் விடுவார். 1,200 பேருக்கு 420 கிலோவாட். ஏசி கணக்கில் 120 டன், வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் பெட்டி எண்பது. ஆளுக்கு மணிக்கு 300 மில்லி வியர்வை ஆவியானாலும் 360 லிட்டர் தண்ணீர் காற்றில் ஏறும். குளிர்ந்த கண்ணாடிக் கூரையில் அது பட்டுத் தலையில் சொட்டும். ஹசியெண்டாவில் கூரையிலிருந்து வியர்வை மழை என்று சொல்வது மிகையில்லை, இயற்பியல். மின்விசிறி மட்டும் போட்டால் ஈரம் சுற்றிச் சுற்றி வரும். வெளிக்காற்றை உள்ளே தள்ளி உள்காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

அந்த நாட்களில் சில கிளப்கள் கழிவறைக் குழாயில் குளிர்ந்த தண்ணீரை அடைத்துவிட்டு பாட்டில் தண்ணீர் விற்றன. பீர் நட்டத்தைத் தண்ணீரில் ஈடுகட்டும் புத்தி. உடல் சூடேறி ஆட்கள் விழுந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. மான்செஸ்டர் மாநகராட்சி 1990-களின் தொடக்கத்திலேயே இலவசக் குளிர்ந்த குடிநீர், ஓய்வறை, காற்றோட்டம் ஆகியவற்றை வலியுறுத்தும் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. இங்கிலாந்து முழுவதும் இலவசக் குழாய்நீர் சட்டக் கட்டாயமானது 2010-இல். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: மாத்திரை உடலில் நீரைத் தேக்கும், ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மூளை வீங்கும். ஆடுகிறவர் மணிக்கு அரை லிட்டர், சும்மா இருப்பவர் அதில் பாதி, சிறிது சிறிதாக என்பதே மருத்துவக் குறிப்பு.

செங்கல்சுவர்:
ஒப்பிட்டுப் பார்க்க லண்டனின் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட். 1991 செப்டம்பர், எலிஃபண்ட் அண்ட் காசில், பழைய பேருந்துக் கொட்டகை. அதை யோசித்த ஜஸ்டின் பெர்க்மன் பாரடைஸ் கராஜில் ஆடியவர். முதலில் ஒலி, அடுத்து விளக்கு, கடைசியில் அலங்காரம் என்று வரிசை போட்டார். ஆடும் அறையைக் கட்டடத்துக்குள் ஒரு தனிப் பெட்டியாகவே எழுப்பினார்கள். ஹசியெண்டாவின் வரிசை நேர்மாறு.

இரண்டுமணி:
உரிமத்திலும் நேர்மாறு. மினிஸ்ட்ரி ஆரம்பத்தில் மது விற்கவே இல்லை. மது இல்லையென்றால் 2 மணி, 3 மணி வரம்பு பொருந்தாது; இசை, நடன உரிமத்தோடு விடியும்வரை ஓட்டலாம். பாரடைஸ் கராஜும் நியூயார்க்கில் மது உரிமம் இல்லாமல் உறுப்பினர் முறையில் இதையேதான் செய்தது. பீர் குடிக்காத கூட்டத்துக்கு பீர் வியாபாரத்தை மையமாக வைத்த உரிமத்தைக் கட்டிக்கொண்டு அழுதது ஹசியெண்டா.

கணக்கர்:
அந்த ஒப்பீட்டில் பாதி மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 1982-இல் மது இல்லாத கிளப் என்று மான்செஸ்டரில் சொல்லியிருந்தால் அந்த நாற்பது பேரும் வந்திருக்க மாட்டார்கள். மாற்றியிருக்க வேண்டிய நேரம் 1988, 89. மாற்ற விடாமல் தடுத்தது பழைய கடன். மதுபான ஆலையிடம் கடன் வாங்கிய கிளப் அவர்கள் சரக்கை விற்றே ஆக வேண்டும்.

பொடியன்77:
இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

கருந்தட்டு:
கிளப் இல்லை. 2000 நவம்பர் 25-இல் உள்ளிருந்த பொருள்களை ஏலம் விட்டார்கள். ஆடுதளப் பலகை, செங்கல் எல்லாம் துண்டு துண்டாகப் போயின. 2002-இல் இடித்து அதே பெயரில் அடுக்குமாடி கட்டினார்கள். தெருப்பக்கத்தில் நின்று ஏமாந்து போகாதீர்கள், பின்னால் கால்வாய்ப் பாதைக்கு இறங்குங்கள். அங்கே சுவரில் ஆண்டுவாரியாகக் கிளப்பின் காலவரிசையைப் பதித்திருக்கிறார்கள். சார்லஸ் தெருவின் பழைய தலைமையகத்தில் 2010 பிப்ரவரியில் நியூ ஆர்டரின் பேஸ் கிட்டார் கலைஞராக இருந்த பீட்டர் ஹூக் தொடர்போடு எஃப்ஏசி 251 என்ற கிளப் திறந்தது, உள் வடிவமைப்பு அதே பென் கெல்லி. இரண்டுக்கும் நடந்தே போகலாம், ஆக்ஸ்ஃபோர்டு ரோடு ரயில் நிலையத்தில் இறங்கினால் வசதி.